பீங்கான் நீளுமா சார்?



இன்று உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். கதை என்றதும் ராஜா, ராணி, மந்திரவாதி என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு நான் தவறாகப் பதில் சொன்ன கதை இது. ஆசிரியர் தவறு செய்வாரா என்று கேட்காதீர்கள். செய்வார். செய்தேன்.

அது 1988-ம் ஆண்டு. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கையில் செம்புக் கம்பி, இன்னொரு கையில் சாக்பீஸ். கம்பியை வளைத்தேன், வளைந்தது. சாக்பீஸை வளைத்தேன், 'டக்' என்று ஒடிந்தது. "பார்த்தீர்களா? உலோகத்தைத் தட்டினால் தகடாகும். இழுத்தால் கம்பியாக நீளும். ஆனால் பீங்கான், ஓடு, செங்கல் எல்லாம் இழுத்தால் நீளாது. ஒடிந்துதான் போகும்" என்று சொல்லி, அதைக் கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மண்பாண்டம் செய்யும் வீட்டுப் பையன் அவன். "சார், ரொம்ப ரொம்ப சூடாக்கினா? அப்பவும் பீங்கான் நீளாதா சார்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது. எனக்குப் பாடத்தை முடிக்கும் அவசரம். "சூடாக்கினாலும் நீளாது. கிறுக்குத்தனமாகக் கேட்காதே, உட்கார்!" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுவதும் அவன் மறுபடி கை தூக்கவே இல்லை.

அவன் கேட்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1986-ல், ஜப்பானில் அதைச் செய்து காட்டிவிட்டார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆம், பீங்கான் வகைப் பொருள் ஒன்றை ஜவ்வு மிட்டாய் போல இழுத்து நீட்டியிருந்தார்கள்!

வாய்க்குள் வந்த விடை

எனக்கு இது தெரிய வந்த இடம் வேடிக்கையானது. பல் டாக்டரின் நாற்காலி!

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடைவாய்ப் பல் உடைந்து, அதற்குக் 'கேப்' போட வேண்டியதாயிற்று. டாக்டர் வெள்ளை நிறத்தில் ஒன்றைக் காட்டி, "இது ஜிர்கோனியா சார். பீங்கான் ஜாதிதான். ஆனால் லேசில் உடையாது" என்றார். பீங்கான் உடையாதா? எனக்கு ஆவல் தாங்கவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போய் ஜிர்கோனியாவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு கம்பிகளின் புகைப்படம் இருந்தது. மேலே ஒரு குட்டிக் கம்பி. கீழே அதே போன்ற கம்பி, பல மடங்கு நீண்டு, மெலிந்து இருந்தது. இரண்டும் ஜிர்கோனியா. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து உயர்ந்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

வாருங்கள், அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பீங்கான் ஏன் ஒடிகிறது?

டீ குடிக்கும் கோப்பை, சுவரில் பதிக்கும் டைல்ஸ், கூரை ஓடு, ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி இவை எல்லாமே ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு 'செராமிக்' என்று பெயர். பொடியாக இருக்கும் பொருளை உருவமாக்கி, சூளையில் வைத்துச் சுட்டுக் கெட்டியாக்கினால் கிடைப்பது செராமிக்.

உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். இழுத்தால் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்கி நகரும். சீட்டுக்கட்டைக் கையால் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குமே, அதுபோல. அதனால்தான் கம்பி நீள்கிறது.

செராமிக் அப்படி இல்லை. அதில் பிளஸ் மின்னேற்றம் கொண்ட அணுவும் மைனஸ் மின்னேற்றம் கொண்ட அணுவும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓர் அடுக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன ஆகும்? பிளஸ்ஸுக்கு எதிரே பிளஸ் வந்துவிடும். ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஆகவே அடுக்குகள் எளிதில் வழுக்குவதில்லை. எங்காவது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அது பெரிதாகிப் பொருளே உடைந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. நீளமுள்ள செராமிக் கம்பியைச் சாதாரண வெப்பநிலையில் இழுத்தால், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன் அளவு நீள்வதற்குள் அது ஒடிந்துவிடும். ஆக, சாதாரண நிலையைப் பொறுத்தவரை நான் கரும்பலகையில் எழுதியது சரிதான். "சூடாக்கினாலும் நீளாது" என்று சேர்த்துச் சொன்னேனே, அதுதான் தவறு.

இருபது மடங்கு நீண்ட உலோகம்

நீளும் செராமிக்குக்கு முன்னால், அதிசயமாக நீளும் உலோகம் ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

1934-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பியர்சன் என்ற ஆய்வாளர் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த ஓர் உலோகக் கலவையை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே போனது. 1950 சதவீதம்! அதாவது 10 செ.மீ. கம்பி என்று வைத்துக்கொண்டால், அது 205 செ.மீ. ஆகும் கணக்கு. நம் வீட்டு நிலைப்படியின் உயரம்! நீண்ட கம்பியைச் சுருட்டி வைத்துத்தான் அவர் படம் எடுக்க வேண்டியிருந்தது.

பின்னர் 1945-ல், ரஷ்ய விஞ்ஞானி போச்வாரும் அவருடன் ஆய்வு செய்த ஸ்விதெர்ஸ்காயாவும் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது 'சூப்பர்பிளாஸ்டிசிட்டி' ஆயிற்று. தமிழில் 'மீநெகிழ்வு' என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டு விஷயங்களில் குழம்பிவிடாதீர்கள். ஒன்று, இதற்கும் நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு, இது ரப்பர் போன்றதும் அல்ல. ரப்பரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். மீநெகிழ்வுப் பொருள் திரும்பாது. பிசைந்த மாவை இழுத்தால் இழுத்தபடியே இருக்குமே, அதுபோல.

உலோகத்தில் இந்தக் குணத்தைப் பற்றி உலகெங்கும் ஆராய்ந்தார்கள். அதில் நம்மவர் பங்கும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கே.ஏ. பத்மநாபன், டேவிஸ் என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது 1980-ல் வெளிவந்தது. ஆனால் செராமிக்கும் இப்படி நீளும் என்று அப்போது யாரும் இழுத்துக் காட்டியிருக்கவில்லை.

நகோயாவில் நடந்தது

ஜிர்கோனியா என்பது ஜிர்கோனியம் என்ற உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். அது உருகுவதற்கு ஏறத்தாழ 2700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. இரும்பு உருக 1538 டிகிரி போதும். தங்கத்துக்கு 1064 டிகிரியே போதும். அப்படியென்றால் ஜிர்கோனியா எவ்வளவு பிடிவாதக்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

அவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூளையில் சுட்டு ஆற வைக்கும்போது, ஏறத்தாழ 1000 டிகிரிக்குப் பக்கத்தில், அவனுக்குள் இருக்கும் அணுக்களின் வரிசை மாறும். உடல் 4, 5 சதவீதம் உப்பும். உப்பிய வேகத்தில் தானே விரிசல் விட்டு நொறுங்கிவிடும்! இதைத் தடுக்க 'யிட்ரியா' என்ற இன்னொரு பொருளைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். சோற்றுக்கு உப்புப் போல, நூற்றுக்கு மூன்று பங்கு போதும். உப்பும் குணம் அடங்கிவிடும்.

1975-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கார்வி, ஹேனிங்க், பாஸ்கோ மூவரும் இந்தக் கெட்ட குணத்தையே நல்ல குணமாக மாற்றலாம் என்று கண்டார்கள். உப்புவதை முழுவதும் தடுக்காமல், அடக்கி மட்டும் வைத்தார்கள். எங்காவது விரிசல் விழ ஆரம்பித்தால், அந்த இடத்தில் மட்டும் ஜிர்கோனியா உப்பி, விரிசலின் வாயை இறுக்கி மூடிவிடும். அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பு என்ன தெரியுமா? 'செராமிக் எஃகு?' ஆம், கேள்விக்குறியோடுதான் தலைப்பு வைத்தார்கள். என் பல்லில் இருக்கும் கேப் லேசில் உடையாததற்கும் இதுதான் காரணம்.

அதன் பிறகு 1986. ஜப்பானின் நகோயா நகரில் உள்ள அரசுத் தொழில் ஆராய்ச்சி நிலையம். ஃபுமிஹிரோ வகாய் என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் யிட்ரியா கலந்த ஜிர்கோனியாவில் சிறிய கம்பிகள் செய்தார்கள். அவற்றை உலையில் 1450 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு பக்கமும் பிடித்து, மிக மிக மெதுவாக இழுத்தார்கள்.

கம்பி ஒடியவில்லை. 120 சதவீதத்துக்கும் மேலாக நீண்டது! 10 செ.மீ. என்று கணக்கு வைத்தால், 22 செ.மீ.க்கும் மேல். இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

உருகியதால் நீண்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1450 டிகிரியில் தங்கமும் செம்பும் உருகித் தண்ணீராக ஓடும். ஜிர்கோனியாவோ அந்தச் சூட்டிலும் திடப்பொருளாகவே இருந்தது. திடமாக இருந்துகொண்டே நீண்டது. அதுதான் அதிசயம்!

பிரேயர் வரிசை ரகசியம்

எப்படி நீண்டது? அடுக்குகள் எளிதில் வழுக்காது என்று சற்று முன்புதானே சொன்னேன்?

செராமிக்கை மிகச் சக்தி வாய்ந்த நுண்ணோக்கியில் பார்த்தால், அது ஒரே கட்டியாக இருக்காது. கோணிப்பைக்குள் நெல்மணிகள் நெருங்கிக் கிடப்பது போல, குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அவற்றை 'மணிகள்' என்றே அழைப்போம்.

இப்போது உங்கள் பள்ளியின் காலைப் பிரேயரை நினைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் நிற்கிறீர்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு 20 பேர். திடீரென்று பி.இ.டி. மாஸ்டர் விசில் ஊதி, "இரண்டே வரிசையாக நில்லுங்கள்!" என்கிறார். நீங்கள் இடம் மாறி நிற்கிறீர்கள். இப்போது வரிசைக்கு 50 பேர். கூட்டத்தின் நீளம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது, அகலம் குறைந்துவிட்டது. ஆனால் உங்களில் யாராவது நீண்டீர்களா? யாருக்காவது கை கால் இழுபட்டதா? இல்லை! அவரவர் உடம்பு அவரவர் அளவிலேயே இருந்தது. பக்கத்தில் நிற்பவர்தான் மாறினார்.

மீநெகிழ்வின் ரகசியமும் இதுதான். சாதாரணமாக ஓர் உலோகத்தை இழுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணியும் சேர்ந்து நீளும். உருண்டையாக இருந்த மணி வெள்ளரிக்காய் போல ஆகிவிடும். மீநெகிழ்வில் அப்படி இல்லை. கம்பி பல மடங்கு நீண்ட பிறகும் உள்ளே மணிகள் உருண்டையாகவே இருக்கும். மணிகள் ஒன்றை ஒன்று உரசி வழுக்கி, பழைய பக்கத்து வீட்டுக்காரரை விட்டுப் புதிய பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்கும். மணிக்குள் அடுக்குகள் வழுக்காவிட்டால் என்ன? மணிகளே வழுக்குகின்றனவே!

செய்து பாருங்கள்

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் தயவுசெய்து அம்மாவின் பீங்கான் தட்டை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். நம் அடுப்பில் இதைச் செய்ய முடியாது. தட்டும் போய், உங்களுக்கு அடியும் கிடைக்கும்!

ஒரு சிறிய பாலிதீன் பையில் பாதி அளவு கடுகு போட்டு, காற்றை வெளியேற்றி, வாயைக் கட்டுங்கள். பையை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி உருட்டுங்கள். உருண்டையாக இருந்த பை நீளவாக்கில் மாறும். பையைப் பிரித்துக் கடுகைப் பாருங்கள். ஒரு கடுகாவது நசுங்கியிருக்கிறதா? இல்லை. எல்லாம் உருண்டையாகவே இருக்கும்.

இப்போது அதே அளவுள்ள இன்னொரு பையில் பெரிய பெரிய ஜல்லிக் கற்களைப் போட்டு அழுத்திப் பாருங்கள். ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நகர மறுக்கும். இன்னும் அழுத்தினால் பை கிழிந்துவிடும்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இங்கே சிறுத்திருப்பதுதான் அதன் பலமே!

மணி ஏன் சிறிதாக இருக்க வேண்டும்?

வகாயும் நண்பர்களும் பயன்படுத்திய வகை ஜிர்கோனியாவில் ஒரு மணியின் அளவு ஏறத்தாழ 0.0003 மில்லிமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இருநூறுக்கும் மேற்பட்ட மணிகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு பொடி!

பொடியாக இருப்பதால் என்ன நன்மை? மணிகள் நகரும்போது மூலைகளில் சின்னச் சின்ன இடைவெளிகள் விழும். அவற்றை உடனே அடைக்காவிட்டால் இடைவெளிகள் ஒன்று சேர்ந்து விரிசலாகிவிடும். கடுகுப் பையில் இடைவெளி இருந்தால் பாதகமில்லை. கெட்டியான பொருளில் அது ஆபத்து. அடைப்பது யார்? அணுக்கள்தான். அதிகச் சூட்டில் அணுக்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஊர்ந்து போகும். மணி சிறிதாக இருந்தால் அவை போக வேண்டிய தூரம் குறைவு. சட்டென்று போய் அடைத்துவிடும். மணி பெரிதாக இருந்தால் தூரம் அதிகம். அணுக்கள் போய்ச் சேர்வதற்குள் விரிசல் முந்திக்கொள்ளும்.

மணியின் அளவைப் பாதியாகக் குறைத்தால், நீளும் வேகம் 4 மடங்கு முதல் 8 மடங்கு வரை கூடும். இப்போது புரிகிறதா, டீக் கோப்பை ஏன் இப்படி நீளாது என்று? அதன் மணிகள் அவ்வளவு நுண்மையானவை அல்ல.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? சின்னத் துளிகள் ஒன்று சேர்ந்து பெரிய துளிகளாகும். அதுபோலச் சூட்டில் சிறிய மணிகளைப் பெரிய மணிகள் விழுங்கி வளரும். மணி வளர்ந்தால் மீநெகிழ்வு போய்விடும். நீள்வதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூடே எதிரியும் ஆகிறது! இங்கேயும் யிட்ரியாதான் கைகொடுக்கிறது. மணிகள் வேகமாக வளர விடாமல் அது தடுக்கிறது.

வேகம் கூடியது

ஒரு கதவு திறந்துவிட்டால் போதும், பலரும் உள்ளே நுழைவார்கள். 1990-ல் அமெரிக்காவில் நியே, வாட்ஸ்வொர்த் என்ற இருவர், யிட்ரியா கலந்த ஜிர்கோனியாவை 1550 டிகிரியில் 800 சதவீதம் நீட்டினார்கள். 10 செ.மீ. என்றால் 90 செ.மீ.!

ஆனாலும் ஒரு குறை. செராமிக்கை மிக மெதுவாக இழுத்தால்தான் நீளும், அவசரப்பட்டால் ஒடியும். கொஞ்சம் நீட்டவே நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 2001-ல் ஜப்பானின் சுகுபா நகரில் கிம், ஹிராகா, மொரிடா, சக்கா என்ற நால்வர் இதற்கும் வழி கண்டார்கள். ஜிர்கோனியா, அலுமினா, ஸ்பினல் என்ற மூன்று வகைப் பொருள்களின் நுண்ணிய மணிகளைக் கலந்து ஒரு செராமிக் செய்தார்கள். ஒரே வகை மணிகள் பக்கத்தில் இருந்தால்தானே ஒன்றை ஒன்று விழுங்கும்? மூன்று வகையும் கலந்து நின்றால் ஒன்று இன்னொன்றுக்குத் தடையாக நிற்கும். மணிகள் சிறிதாகவே இருந்தன. அந்தச் செராமிக்கை, ஒரு வினாடிக்குத் தன் நீளம் அளவே நீளும் வேகத்தில்கூட இழுக்க முடிந்தது!

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1997-ல் மீநெகிழ்வு பற்றிய உலக மாநாடு ஒன்று பெங்களூருவில்தான் நடைபெற்றது.

நம் கடற்கரை மணலில்

ஜிர்கோனியா எங்கிருந்து கிடைக்கிறது? 'ஜிர்கான்' என்ற கனிமத்திலிருந்து. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருக்கிறது. அங்கே அலை கொண்டுவந்து சேர்க்கும் மணலில் இருந்து ஜிர்கானைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஜிர்கோனியத்துக்கும் நம் பக்கத்து நாட்டுக்கும்கூடப் பழைய உறவு உண்டு. 1789-ல் ஜெர்மனியில் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் ஒரு ரத்தினக் கல்லை ஆராய்ந்தபோதுதான், அதில் இதுவரை அறியாத ஒரு தனிமம் இருப்பதைக் கண்டார். அந்தக் கல் போனது இலங்கையிலிருந்து!

உங்கள் அக்காவோ அத்தையோ 'அமெரிக்கன் டைமண்ட்' வைத்த தோடு போட்டிருந்தால் உற்றுப் பாருங்கள். அதுவும் ஜிர்கோனியாதான். ஆனால் அது ஒரே படிகமாக வளர்த்து, பட்டை தீட்டியது. என் பல்லில் இருப்பதோ கோடிக்கணக்கான குட்டி மணிகள் சேர்ந்தது. ஒரே பொருள், ஒன்று மின்னுகிறது, மற்றொன்று மெல்லுகிறது!

இதனால் என்ன பயன்?

"நீட்டி என்ன செய்யப் போகிறார்கள் தாத்தா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

செராமிக்கைச் சுட்ட பிறகு அதன் உருவத்தை மாற்றுவது பெரும்பாடு. அவ்வளவு கடினமாக இருக்கும். வைரத்தூள் பதித்த கருவியால் தேய்த்துத் தேய்த்துத்தான் செதுக்க வேண்டும். அதனால்தான் என் பல்லின் கேப்பை, முழுவதும் சுடுவதற்கு முன்பே, சாக்பீஸ் போல மென்மையாக இருக்கும்போதே கடைந்துவிடுகிறார்கள். சுடும்போது அது ஏறத்தாழ 20 சதவீதம் சுருங்கும் என்பதால், முதலிலேயே பெரிதாகக் கடைய வேண்டும். எவ்வளவு கணக்கு!

மீநெகிழ்வு இருந்தால், சுட்ட செராமிக்கையே சூடாக்கி அச்சில் வைத்து அழுத்தி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். டைட்டானியம் உலோகத் தகடுகளை இந்த முறையில் அழுத்தி விமானப் பாகங்கள் செய்கிறார்கள். செராமிக்கில் இது இன்னும் அந்த அளவுக்குத் தொழிற்சாலைகளில் பரவவில்லை. 1450 டிகிரியைத் தாங்கும் அச்சு வேண்டுமே! அதுவும் கெட்டுப்போகாமல், விலையும் குறைவாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை பாக்கி இருக்கிறது. உங்களில் ஒருவர்கூட அதைச் செய்யலாம்.

அந்தக் கை

கடைசியாக, அந்தப் பையனிடம் திரும்புகிறேன்.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சூளையில் சூடு மிஞ்சிப் போனால் சில பானைகளும் செங்கற்களும் இளகி, கோணிப் போவது உண்டு. அங்கே நடப்பது வேறு. சூட்டில் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடி போல உருகிவிடுவதால் அப்படி ஆகிறது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பையனுக்குத்தானே அந்தச் சந்தேகம் வரும்? அவன் கிறுக்குத்தனமாகக் கேட்கவில்லை. பார்த்ததை வைத்துக் கேட்டான். நான்தான் பார்க்காததை வைத்துப் பதில் சொன்னேன். "ஏன் அப்படிக் கேட்கிறாய்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்று வகுப்பு முழுவதும் ஒரு புதிய விஷயத்தைக் கற்றிருக்கும். நானும் கற்றிருப்பேன்.

அன்று எனக்கு விடை தெரியாமல் போனது தவறு அல்ல. "எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கலாம்" என்று சொல்லாததுதான் தவறு. இப்போது அவனுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். உங்களில் யாருக்காவது அவன் அப்பாவாகக்கூட இருக்கலாம். இந்தப் பக்கத்தை வீட்டில் உரக்கப் படியுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் யாராவது சட்டென்று நிமிர்ந்து பார்த்தால், நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள்: "நீ கேட்டது சரியான கேள்விதான் தம்பி. நீளும்."

செல்வங்களே, உங்களையும் யாராவது "உட்கார்" என்று சொல்லக்கூடும். உட்காருங்கள், தப்பில்லை. ஆனால் கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேதியும் போட்டு வையுங்கள். என்றாவது ஒருநாள் விடை வரும். அதை நீங்களே கண்டுபிடித்தாலும் கண்டுபிடிப்பீர்கள்!